சித்திரைக்கு முன்னால்

என் மூத்த பெண் எந்த மாதத்தில் உருவானாள் என்பது எங்கள் இரண்டு குடும்பத்திலும் எல்லோருக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பிரசவத் தேதி சொன்ன அன்றைக்கே என் மாமியார் விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணத் தொடங்கினார். சித்திரை, பங்குனி, மாசி என்று போனவர் ஆடியில் வந்து நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் முதலில் கூச்சமாக இருக்கும், பிறகு கோபம் வரும். இத்தனை வருஷத்தில் கூச்சம் குறைந்துவிட்டது, கோபம் குறையவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கேட்டால் சீர், விருந்து என்று ஆயிரம் சொல்வார்கள். உள்ளே இருக்கும் காரணம் ஒன்றுதான். ஆடியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் அப்பன் வீட்டுக்கு ஆகாது. எந்த வீட்டுக்கு ஆகாமல் போனது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் பயப்பட எல்லோருக்கும் தெரியும்.

என் தாய் வீடு ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில். ஆடி பிறந்ததும் அம்மா தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேரையும் அழைத்துப் போனாள். விருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரர் விருத்தாசலம் திரும்பினார், நான் தங்கினேன். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பதினெட்டாம் பெருக்கு அன்று சாயங்காலம் அவர் திடீரென்று வாசலில் வந்து நின்றார்.

“கோயிலுக்கு வந்தன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போவலாம்னு” என்றார்.

கோயில் வாசலை மிதிக்காத ஆள். நெற்றியில் ஒரு பொட்டுகூடக் கிடையாது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாப்பிள்ளைக்கு வடை சுட உட்கார்ந்தாள். வடை வேகும்போதே மழை பிடித்துக்கொண்டது. கடைசி பஸ் போனதை யாரும் கவனிக்கவில்லை. “இந்த மழையில எப்டிப் போவீங்க மாப்ள? இருந்துட்டுக் காலையில போங்க” என்று சொன்னதும் அம்மாதான், உள்ளறையில் பாய் விரித்ததும் அம்மாதான். மாப்பிள்ளை உபசாரத்தில் அவளுக்கு ஆடி மாதமே மறந்துவிட்டது. எங்களுக்கும் மறந்துவிட்டதா என்று கேட்காதீர்கள்.

அந்த ஒரு நாள் மழைக்காக என் பிரசவத்தைப் பற்றி வாய் திறக்கும் உரிமையை நானும் அம்மாவும் இழந்தோம்.

அப்போது நான் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டைகள் சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் இருப்பதைத் தனியாக ஒதுக்குவது என் வேலை. வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் சூளை பார்த்தார். என்னோடு வேலை செய்த பெண்கள் பலரும் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற்றார்கள். அதனால் நானும் அங்கேதான் மாதா மாதம் காட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் இருக்கும், உட்கார இடம் இருக்காது, ஆயாம்மா அதட்டுவார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அங்கே இருந்த டாக்டரம்மா என்னிடம் நேராகப் பேசுவார். கூட வந்த மாமியாரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்கு என்ன பயம், சொல்லுங்க” என்று கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

நான் என் பயத்தைச் சொன்னேன். கத்தி என்றால் எனக்குப் பயம். சின்ன வயதில் காலில் ஒரு கட்டி அறுத்தபோது மயங்கி விழுந்தவள் நான். வலி வந்தால் தாங்கிக்கொள்வேன், ஆனால் அறுக்கக் கூடாது என்றேன். டாக்டரம்மா சிரித்தார். “தலை கீழ இருக்குது, எல்லாம் நல்லா இருக்குது. எதுக்கு அறுக்கணும்? வலி வந்ததும் வாங்க, அது போதும்” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது எனக்கு நடையிலேயே ஒரு தெம்பு இருந்தது. இந்தக் குழந்தையை இந்த டாக்டரம்மாவிடம், நானே முக்கிப் பெற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் நானாக முடிவு செய்தது அது ஒன்றுதான். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் யாரோ சொன்னது.

மாமியார் அதே வாரம் ஜோசியரிடம் போய்விட்டு வந்தார். மாமியார் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மசக்கையில் நான் எதையும் தின்னாமல் கிடந்தபோது மாங்காய் தேடி வெயிலில் அலைந்தவர். ஆனால் தன் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் அவருக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறாது. பங்குனி முடிவதற்கு முன்னால் ஒரு நல்ல நாளை, நல்ல நேரத்தோடு ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார்.

“நர்சிங்ஹோமுல பேசிட்டன். நாம நேரத்த சொன்னாப் போதுமாம், அவங்க எடுத்துக் குடுத்துடுவாங்க. உனக்கும் வலி கெடயாது” என்றார்.

“எனக்கு வலி வந்தாப் பரவாயில்ல அத்த.”

“உனக்குப் பரவாயில்லம்மா. அவனுக்கு?”

‘அவன்’ பக்கத்தில்தான் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ஆடி மழையில் வடை தின்றபோது இருந்த தைரியம் எங்கே போனதோ தெரியவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாக இருக்கிற வயிற்றை மாதம் பார்த்து அறுக்க முடியாது, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் சொல்கிறேன் என்றார். வீட்டுக்காரர் வரவில்லை. சூளையில் சரக்கு ஏற்றியிருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

அவர் சூளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சரக்கு வெந்து முடிந்ததும் சூளை தானாக ஆற வேண்டும். ஆறுவதற்கு முன்னால் கதவைத் திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும். லாரி வாசலில் நிற்கிறது, ஆர்டர் போய்விடும் என்று முதலாளி எவ்வளவு கத்தினாலும் இவர் திறக்க மாட்டார். அதில் இவருக்கு ஊரெல்லாம் நல்ல பெயர்.

“மொதலாளி சொன்னாக்கூட சூளையத் தொறக்க மாட்டீங்க. ஜோசியரு சொன்னா என் வயித்தத் தொறந்துடுவீங்களா?” என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. “அது வேற, இது வேற” என்றார். என்ன வேறு என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு டீக் கடைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுகள் எல்லாம் இப்படித்தான் டீக் கடையில் போய் முடியும்.

எனக்கு மிச்சம் இருந்தது அம்மா. முறைப்படி பார்த்தால் தலைப்பிரசவம் தாய் வீட்டுக்குத்தான் சொந்தம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதும், எங்கே பிரசவம் பார்ப்பது என்று முடிவெடுப்பதும் பெண்ணைப் பெற்றவர்கள் பொறுப்பு. அம்மா ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னால் மாமியாரால் மறுத்துப் பேச முடியாது. அதை நம்பித்தான் இருந்தேன். வளைகாப்பு அன்று கை நிறைய வளையலோடு அம்மாவை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய், “என்ன நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்மா. வலி வந்ததும் இங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வந்துடலாம். இவங்க சொல்ற எடத்துக்கு வாணாம்” என்றேன்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எந்த மொகத்த வச்சிகிட்டு நான் பேசறது? அன்னைக்கி என் வூட்லதான தங்குனாரு. பாய் போட்டவ நானு. நாளைக்கி அவங்க வூட்ல யாருக்காவது தலவலின்னாகூட என்னத்தான் சொல்லுவாங்க.”

“அதுக்காவ என்ன அறுக்க வுட்டுடுவியா?”

“ஊர்ல எத்தினி பேரு பண்ணிக்கல? நீ ஒருத்திதான் அதிசயமா?” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. தன் மேல் பழி வந்துவிடக் கூடாது என்று என் வயிற்றைக் கொடுத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. வெளியே பெண்கள் நலங்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு சந்தனம் பூசிக்கொண்டேன். பெயருக்கு ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். பிறகு விருத்தாசலத்துக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜோசியர் குறித்த நாளில் கை எட்டுகிற தூரத்தில் நான் இருக்க வேண்டுமாம்.

அந்த நாள் வந்தது. விடிகிற நேரத்தில் இடுப்பில் ஒரு பிடிப்பு வந்து என்னை எழுப்பியது. போய்விட்டு மறுபடி வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் படுத்துக் கவனித்தேன். இன்னும் ஒரு தடவை வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை தானாகவே கிளம்பிவிட்டது! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பங்குனியும் முடியவில்லை, கத்தியும் வேண்டாம். மாமியாருக்கும் ஜெயம், எனக்கும் ஜெயம். இதற்கு மேல் சண்டை போட என்ன இருக்கிறது?

“அத்த, வலி வந்துடுச்சி. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இன்னைக்கே பொறந்துடும்” என்றேன்.

“மாரியாத்தா” என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் மனசு குளிர்ந்தது. ஆட்டோ வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வீட்டுக்காரர், பின்னால் மாமியாரும் நானும். பாலக்கரை வரைக்கும் நான் வலியைத் தவிர எதையும் கவனிக்கவில்லை. அங்கே ஆட்டோ திரும்ப வேண்டிய பக்கம் திரும்பவில்லை.

“இந்தப் பக்கம் இல்ல” என்றேன். டிரைவர் காதில் வாங்கவில்லை. “என்னாங்க, இந்தப் பக்கம் இல்லைங்க” என்று வீட்டுக்காரரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் திரும்பவில்லை. மாமியார் என் கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “தலப்புள்ளம்மா. வலி எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கி, நாளான்னிக்கின்னு இழுத்து சித்திரையில போய் வுழுந்துச்சின்னா?”

நர்சிங்ஹோமில் எனக்கு முன்பே அறை தயாராக இருந்தது. மயக்க ஊசி போடுகிற டாக்டர் நெய்வேலியிலிருந்து வர வேண்டும், வரவில்லை. ஜோசியர் சொன்ன நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அந்த மயக்க டாக்டருடைய வண்டி பஞ்சராக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கடவுள் காது கொடுத்தார் போலிருக்கிறது, நல்ல நேரம் போயே போய்விட்டது. அடுத்த நல்ல நேரம் மத்தியானத்துக்கு மேல்தான் என்று ஜோசியரிடம் போனில் கேட்டுச் சொன்னார்கள்.

அதற்குள் என் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலி அடுக்கடுக்காக வந்தது. அங்கிருந்த டாக்டர் கையுறை போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு, “அட, நல்லா முன்னேறியிருக்கே. காத்திருந்தா நார்மலாவே ஆயிடும் போலிருக்கு” என்றார். எனக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும் போல இருந்தது. அவர் கதவைத் திறந்து வெளியே நின்றவர்களிடமும் இதையே சொல்லி, “என்ன பண்ணலாம்?” என்று கேட்டார்.

என்னைக் கேட்கவில்லை. நான்தான் பெறுகிறவள், பக்கத்திலேயே காலை விரித்துக் கிடக்கிறேன். ஆனால் வாசலில் நின்றவர்களைத்தான் கேட்டார்.

“காத்திருந்தா எத்தினி மணிக்குப் பொறக்கும்?” இது மாமியார்.

“அது எப்படிச் சொல்ல முடியும்? சாயங்காலம் ஆகலாம்.”

“சாயங்காலம் ராகு காலம் வருதே” என்றார் மாமியார். சித்திரைக்குப் பயந்து வந்தவர்களுக்கு இப்போது பங்குனியும் போதவில்லை! நான் கத்தினேன். “வாணாங்க, நான் பெத்துக்கறன், வுட்டுடுங்க” என்று கத்தினேன். வலியில் கத்துகிறேன் என்று நினைத்து ஆயாம்மா வந்து நெற்றியைத் தடவினார். மயக்க டாக்டர் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

பெண் குழந்தை. அழகாக இருந்தாள், மூக்கு மட்டும் அப்பா மாதிரி. தூக்கிக் காட்டினார்கள், எனக்குக் கண் செருகியது. பிறகு பல நாள் திரும்பிப் படுக்க முடியாமல், இருமினால் தையல் பிரிந்துவிடும் போலப் பயந்துகொண்டு, பால் கொடுக்கக் குழந்தையை இன்னொருவர் தூக்கித் தர வேண்டிய நிலையில் கிடந்தேன். பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். “உனக்கென்னா, வலி தெரியாமப் பெத்துட்ட.” விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை பட்ட வலி எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று தெரியவில்லை. சமைக்கப் பானை ஏற்றி, கொதி வந்த பிறகு இறக்கி வைத்துவிட்டு, கடையில் சோறு வாங்கித் தின்றது மாதிரி இருந்தது. அம்மா பத்தியக் குழம்பு கொண்டுவந்தாள், நான் அவளிடம் பேசவில்லை. வீட்டுக்காரரிடமும் பேசவில்லை. சித்திரை பிறந்தது, எல்லோரும் நன்றாக இருந்தார்கள். மாமியார் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து பெண்ணுக்குத் திருநீறு பூசினார்.

மூன்று வருஷம் போய் மறுபடி உண்டானேன். இந்தத் தடவை கணக்கு தை மாதத்தில் விழுந்தது. மாமியார் விரல் விட்டு எண்ணி முடித்ததும் முகமெல்லாம் பல்லாக இருந்தார். “தங்கமான மாசம். இந்த தடவ உன் இஷ்டம்மா. எங்க வேணுமோ, எப்டி வேணுமோ அப்டியே பெத்துக்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டன்” என்றார். வீட்டுக்காரரும், “நானே கூட்டிட்டுப் போறன்” என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. உள்ளுக்குள் இருந்த கசப்பெல்லாம் கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது. இந்தப் பிள்ளையை நானே பெறப் போகிறேன் என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

நேராகக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டரம்மா. கொஞ்சம் இளைத்திருந்தார். அவருக்கு என்னை ஞாபகம் இல்லை, எத்தனை பேரைப் பார்த்திருப்பார். வயிற்றில் கை வைத்தவர் தழும்பில் நிறுத்தினார்.

“மொதல் கொழந்த ஆபரேஷனா? என்ன பிரச்சனை? தண்ணி வத்திடுச்சா? கொழந்த திரும்பியிருந்துதா?”

“இல்ல மேடம்.”

“பின்ன?”

என்ன சொல்வது? சித்திரை என்று சொல்ல நாக்கு எழவில்லை. “வூட்ல பண்ணிட்டாங்க” என்றேன். என்னமோ நான் அந்த இடத்திலேயே இல்லாத மாதிரி. அவர் என் முகத்தைப் பார்த்தார், மேலே கேட்கவில்லை. இந்தத் தடவை நார்மலாக ஆக வேண்டும் மேடம், எனக்கு எந்த அவசரமும் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வலி தாங்குவேன் என்று படபடவென்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“வலி எடுத்து பழைய தையல் உள்ள பிரிஞ்சிதுன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்தும்மா. உடனே தியேட்டருக்குக் கொண்டு போற வசதி எல்லா நேரமும் இங்க இருக்காது. நான் அந்த ரிஸ்க் எடுக்க முடியாது. இதுவும் ஆபரேஷன்தான்.”

நான் எழுந்திருக்கவில்லை. வேறு ஏதாவது சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன். அடுத்த பெண் உள்ளே வந்து என் பின்னால் நின்றுவிட்டாள். டாக்டரம்மாவுக்கு என் முகம் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“கவலப்படாதீங்க. எப்படியும் தேதி குறிச்சித்தான் பண்ணப் போறோம். தையில நல்ல நாள், நல்ல நேரம் எதாவது பாக்கறதா இருந்தா வூட்ல பாத்துட்டு வந்து சொல்லுங்க. முடிஞ்சா அதுக்கே வச்சிக்கலாம்.”

வெளியே வந்தேன். மாமியார் என் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆவலோடு எழுந்து வந்தார்.

“என்னாம்மா சொன்னாங்க?”

“நல்ல நாள் பாத்துட்டு வரச் சொன்னாங்க” என்றேன்.

மாமியாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, டாக்டரம்மாவின் அறைக் கதவை மரியாதையோடு ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“எவ்ளோ நல்ல டாக்டரு! இது தெரியாம அன்னைக்கி நாமதான் எங்கெங்கயோ போயிட்டோம்” என்றார்.